பூங்காவில் கட்டடம் வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? வேலூரில் கிடைக்கும் அரசு சேவைகள்: ஒரு மதிப்பீடு

வேலூரில் ஒரு தெருப் பூங்காவில் குழி தோண்ட ஆள் வந்துவிட்டால், அக்கம்பக்கத்தார் முதலில் செய்வது முதலமைச்சரின் உதவி மையமான 1100-க்குப் போன் போடுவது. இந்த மதிப்பீட்டில் மிகக் குறைந்த மதிப்பெண் அந்த எண்ணுக்குத்தான். அதிக மதிப்பெண் பத்து ரூபாய் வில்லை ஒட்டிய ஒரு தாளுக்கு, அதாவது தகவல் கேட்கும் ஆர்.டி.ஐ. விண்ணப்பத்துக்கு. நடுவில் இன்னும் ஐந்தாறு சேவைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எதற்கு உதவும், எந்த இடத்தில் காலை வாரிவிடும் என்று பார்க்கலாம்.

அதற்கு முன் உங்கள் பூங்கா எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கோட்டையை ஒட்டிய பெரியார் பூங்காவின் கதை வேறு. வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானமே கூடாது. அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் கட்ட முடியும். அங்கே யாராவது செங்கல் இறக்கினால் மனுவின் முதல் நகல் தொல்லியல் துறைக்குப் போக வேண்டும், மாநகராட்சிக்கு இரண்டாவது நகல் போதும்.

சத்துவாச்சாரி, தொரப்பாடி, அல்லாபுரம், காட்பாடி பக்கத்துத் தெருப் பூங்காக்களில் பெரும்பாலானவை மனைப்பிரிவு போடும்போது பொது ஒதுக்கீடாக விடப்பட்ட நிலம். மேல்நிலைத் தொட்டி, குப்பையை உரமாக்கும் நுண் உர மையம், கழிவுநீர் ஏற்று நிலையம், ரேஷன் கடை, வார்டு அலுவலகம் என்று எதற்கு இடம் தேவைப்பட்டாலும் அதிகாரிகளின் கண் முதலில் இதன்மேல்தான் விழும். நிலம் கையில் இருக்கிறது, இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை, ஆக்கிரமிப்பு எடுக்க வேண்டியதில்லை. தண்ணீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று ஊரைக் கேலி பேசுவார்கள். கத்திரி வெயிலில் அந்த முப்பது சென்ட் நிழலின் அருமை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நில ஆவணம்: இ-சேவைத் தளமும் வில்லங்கமும்

"இது பூங்கா இடம், காலங்காலமாகப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்" என்று எழுதிய மனுவை எந்த அலுவலகமும் எளிதாக ஒதுக்கிவிடும். நகர அளவை எண் போட்ட மனுவை ஒதுக்குவது கடினம். எண்ணைக் கண்டுபிடித்துச் சரிபார்ப்பது இரண்டு படி. தமிழ்நாடு அரசின் புவித் தகவல் வரைபடத் தளத்தில் பூங்காவின் நடுவில் தொட்டால் அளவை எண் வரும். அதை வைத்து இ-சேவைத் தளத்தில் வட்டம், நகரம், வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று வரிசையாகக் கொடுத்தால் நகர நில அளவைப் பதிவேட்டின் பக்கத்தைப் பார்க்கலாம். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சேவையாக இதற்கு ஐந்துக்கு நான்கு தரலாம்.

குறைத்த அந்த ஒன்றுக்குக் காரணம் எண் குழப்பம். பழைய கிராமப் புல எண் ஒன்றாகவும் இன்றைய நகர அளவை எண் வேறாகவும் இருக்கும். மனைப்பிரிவு வரைபடத்திலும் பத்திரத்திலும் இருப்பது பழைய எண். இணையத்தில் கிடைப்பது புதியது. இரண்டையும் பொருத்திக் காட்டாமல் மனு கொடுத்தால், "தாங்கள் குறிப்பிடும் புல எண் மேற்படி இடத்தைச் சார்ந்தது அல்ல" என்று ஒரே வரியில் பதில் வர வாய்ப்பிருக்கிறது. பழைய எண், புதிய எண் ஒப்பீட்டு விவரத்தை நில அளவைப் பிரிவில் நகலாக வாங்கி, இரண்டையும் மனுவில் சேர்த்தே எழுதுங்கள்.

பக்கம் கையில் வந்ததும் முதலில் பரப்பைப் பாருங்கள். அங்கே 0.14.16 என்பது போல இருக்கும். ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் என்று படிக்க வேண்டும். அதாவது 1,416 சதுர மீட்டர், நம் கணக்கில் 35 சென்ட். இது ஏதோ ஓர் எண் அல்ல. 5 ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்கு 150 சென்ட் போனால் மிச்சம் 350 சென்ட், அதில் பத்து சதவீதம் 35. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்வதும் இதைத்தான்: சாலை நீங்கலான பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்து சதவீதத்தை இலவசமாக, பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால், இடம் விட முடியாதபோது வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டவும் வழியுண்டு. மனைப்பிரிவு வரைபடத்தில் 35 சென்ட் இருந்து பதிவேட்டில் 28 தான் இருந்தால், கட்டடப் பிரச்சினைக்கு முன்பே ஆக்கிரமிப்புப் பிரச்சினை ஒன்று கிடக்கிறது என்று பொருள்.

அடுத்தது உரிமையாளர் பெயர். அங்கே மாநகராட்சி என்று இல்லாமல், மனை போட்டவரின் பெயர் இருந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். வேலூர் மாநகராட்சி ஆனது 2008-இல். சத்துவாச்சாரி, தாராபடவேடு, அல்லாபுரம், தொரப்பாடி எல்லாம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவை. பழைய தானப் பத்திரம் அன்றைய ஊராட்சி, பேரூராட்சி அல்லது நகராட்சியின் பெயரில் இருக்கும். பத்திரம் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று விட்டு, பட்டா மாற்றாமல் போன இடங்கள் உண்டு. வாரிசு ஒருவர் வந்து "இது எங்கள் பட்டா நிலம்" என்று கம்பி வேலி போடுவதும் இந்த ஓட்டை வழியாகத்தான். ஆகவே பட்டா மாற்றக் கோரும் மனுவையும் எதிர்ப்பு மனுவோடு தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

தானப் பத்திரத்தைத் தேட பதிவுத்துறைத் தளத்தின் வில்லங்கத் தேடலே போதும். சார்பதிவகம், கிராமம், பழைய புல எண், உட்பிரிவு, கால அளவு கொடுத்தால் பட்டியல் வரும். இரண்டுவிதமாகத் தேடுங்கள்: உட்பிரிவோடு ஒருமுறை, உட்பிரிவு இல்லாமல் தாய்ப் புல எண்ணை மட்டும் வைத்து ஒருமுறை. உட்பிரிவு ஆவதற்கு முன் பதிந்த பத்திரம் முதல் தேடலில் சிக்காது. ஆவண எண்ணும் ஆண்டும் கிடைத்துவிட்டால் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.) கொடுத்த ஒப்புதல் எண் வேண்டுமென்றால் அலைய வேண்டியதில்லை. அதே மனைப்பிரிவில் மனை வாங்கிய யாருடைய கிரயப் பத்திரத்திலும், கடைசியில் வரும் சொத்து விவரத்தில் பெரும்பாலும் எழுதியிருக்கும். எதிர் வீட்டு அக்காவிடம் ஒரு ஜெராக்ஸ் கேட்டால் வேலை முடிந்தது.

அங்கீகாரமில்லா மனைப்பிரிவு என்றால் நிலைமை கொஞ்சம் கசப்புதான். மனை விற்ற நோட்டீஸில் "பூங்கா" என்று பச்சை பூசியிருந்தாலும் ஒப்படைப்பு நடந்திருக்காது. 2017 வரன்முறை விதிகளின்படி மனைகள் பின்னால் முறைப்படுத்தப்பட்டிருக்கலாம். அதற்காக அந்தப் பச்சைக் கட்டம் பொது நிலம் ஆகிவிடாது. இதேபோல, நகரமைப்புத் திட்ட வரைபடத்தில் பூங்கா என்று குறித்துவிட்டு அரசு கையகப்படுத்தாமல் விட்ட தனியார் நிலமும் தனி ரகம். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில், மூன்றாண்டுக்குள் கையகப்படுத்தாவிட்டால் ஒதுக்கீடு நீங்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் காட்டி உரிமையாளர் விடுவிப்புக் கேட்க முடியும். இந்த இரண்டு வகைக்கும் வக்கீலைப் பார்க்காமல் கூட்டம் போடாதீர்கள்.

ஆர்.டி.ஐ.: ஐந்துக்கு நாலரை

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வழியாக அனுப்பும் விண்ணப்பம்தான் இந்த வரிசையில் முதலிடம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டினால் போதும். இணையத்திலும் அனுப்பலாம். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், தாளாக அனுப்புபவர்கள் ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாள் கெடு அலுவலகம் பெற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் ஓடும்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் தோற்பது கேள்வி கேட்கும் விதத்தால். "ஏன் பூங்காவில் கட்டுகிறீர்கள்?" என்பதற்குப் பதில் சொல்லும் கடமை தகவல் அலுவலருக்கு இல்லை. பதிவேட்டில் இருக்கும் தாளைத்தான் கேட்க முடியும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: பொது ஒதுக்கீட்டு இடம் குறிக்கப்பட்ட, ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபட நகல், மாநகராட்சியின் பூங்காப் பதிவேட்டில் இந்த இடம் உள்ள பக்கம், கட்டடத்துக்கு இடம் தேர்வு செய்த மாமன்றத் (வார்டு உறுப்பினர்கள் கூடும் மாநகராட்சி மன்றம்) தீர்மானத்தின் எண், நாள், நகல், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, மதிப்பீட்டு அறிக்கை, பணி ஆணை, கட்டடத்துக்குத் திட்ட அனுமதி கேட்ட விண்ணப்பமும் அதன்மேல் பிறந்த உத்தரவும், மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழு கொடுத்த ஒப்புதல். வரைபடத்துக்கான விண்ணப்பத்தின் இன்னொரு பிரதியை உள்ளூர் திட்டக் குழுமத்துக்கும் தனியாக அனுப்புங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி ஒரே விண்ணப்பத்தோடு உட்கார வேண்டாம்.

கடைசி வரியாக, 2(j) பிரிவின் கீழ் கோப்பை நேரில் பார்வையிட நாள் ஒதுக்கக் கேளுங்கள். இந்த வரிக்காகத்தான் நாலரை மதிப்பெண். நகலாக வருவது நீங்கள் கேட்டது மட்டும். கோப்பைப் புரட்டும்போது நீங்கள் கேட்கத் தெரியாததும் கண்ணில் படும்: வேறு இடம் பரிசீலித்த குறிப்பு, வருவாய்த் துறையின் கடிதம், "பூங்கா நிலம் என்பதால் அரசின் அனுமதி பெற வேண்டும்" என்று யாரோ ஒரு உதவியாளர் ஓரத்தில் எழுதிய குறிப்பு. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. இரண்டு பேர் போங்கள். ஒருவர் படிக்க, மற்றவர் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். தேவையான பக்கங்களை மட்டும் அங்கேயே எழுதிக் கேட்டு, ஏ4 பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் வாங்கிக்கொள்ளலாம்.

பதில் வராவிட்டால் கெடு முடிந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இதுதான் அந்த அரை மதிப்பெண்ணைத் தின்றது. ஆணையம் வரை போனால் அதற்குள் கட்டடத்துக்கு வெள்ளையடித்துவிடுவார்கள். ஆகவே செய்தி காதில் விழுந்த வாரமே விண்ணப்பம் போக வேண்டும்.

செய்தி முன்கூட்டியே காதில் விழ ஒரு வழி, மாநில அரசின் ஒப்பந்தப்புள்ளித் தளம். மாநகராட்சியின் பெயரில் வாரம் ஒருமுறை தேடினால் போதும். 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்கள் தெருப் பூங்காவில் வருவது பெரும்பாலும் முதல் வகை. இருக்கும் நேரம் இரண்டு வாரம். பணியின் பெயரில் "பூங்கா" என்ற சொல்லே வராமல் போகலாம். வார்டு எண்ணையும் நகர் பெயரையும் போட்டுத் தேடுங்கள். தேடும் வசதி சுமார்தான். ஐந்துக்கு மூன்று.

மனு நாள், 1100, மாமன்றம்

திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மூன்று மதிப்பெண். ஆட்சியர் கையில் நேரடியாகக் கொடுக்கலாம், ரசீது எண் கிடைக்கும், பிறகு நிலையைக் கேட்கலாம். நூறு பேர் போவதைவிட ஐந்து பேர் ஒரு கோப்போடு போவது மேல். வாசலில் மனு எழுதித் தருபவர் வழக்கமான பாணியில் "ஏழை எளிய மக்களாகிய நாங்கள்" என்று ஆரம்பிப்பார். "அண்ணே, முதல் வரியில வார்டு, பிளாக், நகர அளவை எண், தானப் பத்திர எண் போட்டுடுங்க" என்று சொல்லி எழுதி வாங்குங்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை இருக்கட்டும். கட்டடத்தோடு தெருவிளக்கையும் நாய்த் தொல்லையையும் சேர்த்தால், விளக்கைச் சரிசெய்துவிட்டு மனு தீர்க்கப்பட்டது என்று கணக்கை முடித்துவிட முடியும். கையெழுத்துப் பட்டியலில் கதவு எண் இல்லாத பெயர் வெறும் அலங்காரம்.

1100-இன் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. புகார் எந்தத் துறை சார்ந்ததோ அந்தத் துறை அலுவலருக்கே போகும். அதாவது பணி ஆணை கொடுத்த பொறியியல் பிரிவிடமே "இந்தப் பணி சரியா?" என்று கேட்கிறோம். பூங்கா விளக்கு எரியவில்லை என்றால் இது நல்ல சேவை. கட்டடத்தைத் தடுக்க ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் தேதிக்காக: பணி தொடங்கும் முன்பே மக்கள் ஆட்சேபித்தார்கள் என்பதற்குப் புகார் எண்ணோடு கூடிய குறுஞ்செய்தி ஒரு சாட்சி.

மாமன்றத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 60 வார்டு உறுப்பினர்களுக்கும் கூட்டத்துக்கு முன்பே பொருள் நிரல் போய்விடும். உங்கள் வார்டு உறுப்பினரிடம் மாதாமாதம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், பூங்காப் பொருள் தீர்மானமாகும் முன்பே தெரிந்துவிடும். உறுப்பினரே கட்டடத்தைக் கேட்டு வாங்கியவராக இருந்தால், அடுத்த வார்டு உறுப்பினரைப் பிடியுங்கள்.

நீதிமன்றம்

விலை அதிகம், பலனும் அதிகம். இரண்டு தீர்ப்புகளின் பெயர் உங்கள் கோப்பில் இருக்கட்டும். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை, குடியிருப்போர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் ஏற்க மறுத்தது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்பது வழக்கு. பூங்காவுக்காக வழக்குப் போட அந்தப் பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்பதும் அதில் உறுதியானது. "உனக்கென்ன பாதிப்பு?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. இரண்டாவது, லக்னோ ஜண்டேவாலா பூங்கா வழக்கு, 1999. பூங்காவுக்கு அடியில் நிலத்தடிக் கடை வளாகம் கட்ட மாநகராட்சி ஒப்பந்தம் போட்டிருந்தது. கட்டியதை இடித்துப் பூங்காவைப் பழையபடி மீட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். "பாதி கட்டியாச்சு, இனி என்ன செய்வது" என்று சொல்பவர்களுக்கு அது. நம் மாநிலத்துக்கென்று பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி பாதுகாப்புச் சட்டம் 1959 முதலே இருக்கிறது. உங்கள் பூங்கா அந்தச் சட்டப்படியான பட்டியலில் இருக்கிறதா என்பதை ஆர்.டி.ஐ. கேள்விகளோடு சேர்த்துக் கேளுங்கள்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசின் முடிவை எதிர்த்து ரிட் மனு போடுவதற்கு முன் ஆணையருக்கும் ஆட்சியருக்கும் எழுத்து மனு கொடுத்திருக்க வேண்டும். இங்கே நடக்கும் பெரிய தவறு, "எங்கள் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்" என்று மட்டும் கேட்பது. பரிசீலிக்கச் சில வாரம் கொடுத்து வழக்கு முடிந்துவிடும். கான்கிரீட் அதற்குள் இறுகிவிடும். மாமன்றத் தீர்மானத்தையே எதிர்த்து, தற்போதைய நிலை தொடர இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். தீர்மான நகல் இல்லாமல் இது முடியாது. ஆர்.டி.ஐ.யை முதலில் வைத்ததற்கு இதுவும் காரணம். மரங்களும் நீர்வழியும் பாதிக்கப்பட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. கட்டணம் 1,000 ரூபாய், பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

படச் சான்றுக்குக் கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக நகர்த்திப் பார்க்கலாம், இலவசம். அந்த இடம் காலியாகவும் மரத்தோடும் இருந்ததைத் தேதியுடன் அச்சிட்டுக்கொள்ளுங்கள். இன்றைய படத்தை இடமும் நேரமும் பதியும் கேமரா ஆப்பில் எடுங்கள்.

இழப்பைக் கணக்காகவும் காட்டுங்கள். "40-க்கு 60 சின்னக் கட்டடம்தான்" என்பார்கள். 2,400 சதுர அடி, ஐந்தரை சென்ட். ஆனால் வண்டி வந்துபோக 12 அடி அகலத்தில் 100 அடி வழி வேண்டும், அது இன்னொரு 1,200 சதுர அடி. 35 சென்ட் பூங்காவில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது, சுற்றுவேலியை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வழி நடைபாதையை எங்கே வெட்டுகிறது, எந்த மரத்தின் மேல் போகிறது என்று புலப்படத்தின் மேல் அளவுப்படி வரைந்து இணைத்தால் பத்துப் பக்க மனுவைவிட அது பேசும்.

எல்லாக் கட்டடத்தையும் எதிர்க்க வேண்டும் என்பதில்லை. ஓரத்தில் ஒரு கழிப்பறையோ காவலாளி அறையோ பூங்காவுக்கே தேவைதான். ரேஷன் கடையும் தொட்டியும்கூட அந்த வார்டுக்கு வேண்டியவைதான், அதை மறுத்துப் பேசினால் பாதித் தெரு உங்கள் பக்கம் வராது. மாற்று இடத்தைப் புல எண்ணோடு நீங்களே காட்டுங்கள். காட்டும் இடம் ஏரி, ஓடை, குளம் புறம்போக்காக இருந்துவிடக் கூடாது. அதற்கு 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும், உங்கள் பேச்சும் எடுபடாமல் போகும். நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் வகைப்பாட்டைப் பார்த்து, பயன்படாமல் கிடக்கும் பழைய அரசுக் கட்டட இடம் கிடைக்கிறதா என்று தேடி, அந்தப் பக்க நகலையும் மனுவோடு பின் போட்டுக் கொடுங்கள்.